ஆட்டுக்கு வந்த அன்னதானம்

1. கத்தாத கொட்டகை

அன்று ரவாங் கிளினிக்குக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்பினேன். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஆடுகள் கத்தும். அன்று ஒன்றுகூடக் கத்தவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் ஏழு ஆடுகள் படுத்துக் கிடந்தன. இடப்பக்க வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தன. புல் போடும் தொட்டியில் சாம்பார் சோறும் வடையும் மிஞ்சிக் கிடந்தன.

எங்கிருந்து வந்த சோறு என்று உடனே புரிந்துவிட்டது. பக்கத்துத் தாமான் குடியிருப்புக் கோயிலில் அன்று அன்னதானம்.

சுங்கை சோவில் நான் பால்மரம் சீவிய ரப்பர் தோட்டத்தை அழித்துத்தான் அந்தத் தாமான் வீடுகளைக் கட்டினார்கள். மின்கோபுரங்களுக்குக் கீழே வீடு கட்ட முடியாது. அந்த நிலத்தில் ஆடு மேய்த்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. குடியிருப்புச் சங்கத் தலைவருக்கு அது கண்ணை உறுத்தியது. நாற்றம் என்று நகராண்மைக் கழகத்துக்கு மூன்று தடவை மனு போட்டார். மூன்று தடவையும் அதிகாரிகள் வந்து, கொட்டகை சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

2. சோடா மாவு

ஆடு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டின் வயிறு புல்லுக்கும் தழைக்கும் உள்ளது. சோறு நிறைய உள்ளே போனால் புளித்துப் பொங்கும், ரத்தமே கெட்டுவிடும். அன்று ராத்திரி எந்த மாட்டு டாக்டரும் போனை எடுக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா மாவைக் கரைத்து, பாட்டிலை வாயோரத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். தலையை ரொம்பத் தூக்கினால் நுரையீரலுக்குப் போய்விடும். நிற்க முடிந்ததை நடக்க வைத்தேன். ஆறு ஆடுகள் பிழைத்தன.

செவலை பிழைக்கவில்லை. நிறைமாதம். பொழுது விடிந்தபோது என் மடியில் தலையை வைத்தபடியே போய்விட்டது. வயிற்றில் இருந்த குட்டிகளும் போயின. அழுகையைவிடக் கோபம்தான் எனக்கு முதலில் வந்தது.

3. தலைவர் வந்தார்

காலை எட்டு மணிக்குத் தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, மூக்கில் கைக்குட்டை.

“என்னக்கா, ஆடு செத்துருச்சாமே? சீக்கிரம் பொதைங்க. நாத்தம் வந்துச்சுனா தாமான்ல எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க.”

“சோத்தைக் கொட்டுனது யாரு?”

“நான்தான் கொட்டச் சொன்னேன். ரெண்டு அண்டா மிஞ்சிருச்சு. குப்பையில போட்டா பாவம்லா. வாயில்லா ஜீவன் திங்கட்டும்னு நல்ல மனசோடதான் செஞ்சேன்.”

என் ஆடு நாறுகிறது என்று மூன்று மனு எழுதிய மனுஷனுக்குப் புண்ணியம் சேர்க்க மட்டும் அதே ஆடு வேண்டியிருக்கிறது! குப்பையில் போட்டால் பாவமாம், என் தொட்டியில் போட்டால் தர்மமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “வயித்துல ரெண்டு குட்டி இருக்கு. மூணுக்கும் சேத்து ஆழமா வெட்டுங்க.”

மறுப்பார் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டினார். செவலையைக் குழியில் இறக்கும்போது கைக்குட்டை அவர் மூக்கில் இல்லை. மண்ணைத் தள்ளி முடித்து, வியர்வையைத் துடைத்தபடி கேட்டார்:

“அப்ப மிஞ்சின சோத்தை என்னதான்கா செய்யறது?”

“கொறச்சு ஆக்குங்க.”

மண்வெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மனு போடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். இந்த வருஷ அன்னதானத்தன்று அடுப்பங்கரைப் பக்கம் போய்ப் பார்த்தேன். போன வருஷம் இருந்த அதே அண்டாக்கள்தான் வரிசையாக இருந்தன. திரும்பி வந்து கொட்டகையைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசி அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.