கோல் கம்பத்துக்குப் பின்னால்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொழும்பு கொச்சிக்கடையில் ஒரு துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் நானும் நசீரும் ஒன்றாக வேலை செய்தோம். கிட்டங்கியின் உதைபந்தாட்டக் குழுவுக்கு அவன்தான் கோல் கீப்பர். ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, பந்து வரும் பக்கத்தைக் கத்திச் சொல்வேன்.

ஒருமுறை தூத்துக்குடியிலிருந்து ஒரு குழு கப்பலேறி வந்தது. அது என் அப்பாவின் ஊர். கொழும்பிலிருந்த ஊர்க்காரர்கள் மைதானத்தின் எதிர்க்கரையில் திரண்டிருந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று, வந்தவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன்.

நான் வழக்கமாக நிற்கும் இடத்தை நசீர் மூன்று முறை திரும்பிப் பார்த்தான். மூன்றாம் முறை திரும்பியபோதுதான் பந்து உள்ளே போனது. நான் துள்ளிக் குதித்தேன். அந்த ஒரு கோலால் எங்கள் குழு சொந்த மைதானத்தில் தோற்றது.

மறுநாள் நசீர் என் வீட்டுக்கு வந்தான்.

“நேத்து ஒன்ட சத்தமே கேக்கல்ல மச்சான். சுகமில்லையா?”

வாயைத் திறந்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது.

“நான் நெனச்சேன்” என்று கொத்தமல்லிப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். “அவிச்சுக் குடி. அடுத்த மெச்சுக்கு நீ வேணும்.”

இரண்டு நாளில் குரல் திரும்பிவிட்டது. ஆனால், அவன் சாகும்வரை அந்தக் குரலால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.