ஆணி குத்திய டின்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் தேர் பாதி வழியில் அச்சு முறிந்து சாய்ந்ததே, அதற்கு மறுவருடம்தான் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வருடத்தை எண்ணால் சொல்ல எனக்கு வராது, தேரை வைத்துத்தான் கணக்கு. என் வீட்டுச் சாமி மாடத்தில் ஊதுபத்தி செருகி வைத்திருக்கும் மீன் டின் அந்தக் காலத்தது. அதன் மூடியில் இரண்டு ஆணி ஓட்டைகள் உண்டு. குத்தியவன் நான்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி போட்ட அவசரகாலம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகத் தடை. கடையில் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், யாரும் சேர்த்துவைக்க முடியாதபடி. என் அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் மேட்டுக்காட்டு முனியாண்டிக்கு வெள்ளிக்கிழமை படையல் வைப்பது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். கம்பி போட்டபோது சாமி வெளியே நின்றுவிட்டது. அண்ணன் ரப்பர் பால் வாளிக்குள் சோற்றை மறைத்துக்கொண்டுபோய் வைத்தான். தோட்டத்துத் துரை பார்த்துவிட்டார்.

"சாமிக்கு வச்ச சோறுங்க தொரை."

"எந்தச் சாமி? துப்பாக்கி வச்ச சாமியா?" துரைக்குத் தமிழ் நன்றாக வரும். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

போலீசில் ஒப்படைத்தார். இந்த மண்ணில் பிறந்தவனை, பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பலேற்றி விட்டார்கள். போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்தான். கொள்ளி வைக்கக்கூட நான் பக்கத்தில் இல்லை.

நான் தோட்டத்தை விட்டு சி ரூசா கடற்கரையில் ஒரு பங்களாவில் புல் வெட்டப் போனேன். அங்கே வந்து சேர்ந்தார் அதே துரை, வேலையை விட்டு ஓய்வு பெற்று. துரையும் துரைசானியும் ஒரு பாய்மரப் படகிலேயே குடியிருந்தார்கள். காற்று திரும்பியதும் அதிலேயே ஊர் போய்ச் சேர்வதாகத் திட்டம். மத்தியானம் ஆனால் சின்ன ஓடத்தில் கரைக்கு வருவார்கள். வாதாமர நிழலில் கித்தான் நாற்காலி. துரைசானி வெறுங்காலை மணலில் புதைத்துக்கொண்டு பாடுவாள். துரை தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்குவார். நல்ல தூக்கம். அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனை நாள் புல் வெட்டியிருப்பேன்! என்னைக் கூப்பிட்டு நாற்காலியை நகர்த்தச் சொல்வார். என் முகத்தைப் பார்த்ததில்லை.

பயணத்துக்கான டின்களையெல்லாம், படகில் இடம் போதாமல், கரையோரம் காட்டை ஒட்டியிருந்த ஒரு பழைய குடிசையில் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றில்கூட ஓட்டை இல்லை. அவசரகாலம் இன்னும் நீங்கவில்லை, ஆனால் அந்தச் சட்டம் கூலிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டார்.

போலீஸ் சாவடியில் நம் ஆள் ஒருவர் கான்ஸ்டபிள். அவரிடம் போனேன்.

"அண்ணே, சாப்பாட்டக் காட்டோரம் வச்சா குத்தந்தானே?"

"ஆமாலா. எவன்டா வச்சான்?"

"நீங்களே வந்து பாருங்க. பெரிய இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

இன்ஸ்பெக்டர் புதிதாக வந்த வெள்ளைக்காரப் பையன், சட்டம் என்றால் சட்டம். துரை முகம் சிவக்கக் கத்தினார். அவன் அசையவில்லை. எல்லா டின்னையும் குத்தச் சொல்லிவிட்டான். பத்து டின் குத்துவதற்குள் கான்ஸ்டபிள் சுத்தியலை என் பக்கம் நீட்டினார். "கை கடுக்குதுடா. நீ குத்துலா."

குத்தினேன். மீன், இறைச்சி, பழம், பால். ஒவ்வொன்றும் புஸ்ஸென்று மூச்சு விட்டது. குழம்பு மணலில் வழிந்து எறும்பு மொய்த்தது. துரைசானி அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, இரக்கமும் வரவில்லை. அப்போதுதான் துரை முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"யார்றா நீ?"

"முனியாண்டிக்குச் சோறு வச்சானே, அவன் தம்பி தொரை. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

சாப்பாடெல்லாம் வீணானதால், அந்தப் பருவக் காற்றுக்கு அவர்களால் கிளம்ப முடியவில்லை. பிறகு படகை விற்றுவிட்டுக் கப்பலேறிப் போனார்கள், என் அண்ணனைப் போலவே. ஆனால் அவர் போனது சொந்த ஊருக்கு. அது மட்டும் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இப்போது அந்தக் கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிடட்டும். என் மாடத்து டின்னில் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் பத்தி எரிகிறது. நான் போனபிறகு பழைய டின் என்று யாராவது தூக்கிப் போடப் பார்ப்பார்கள். நீங்கள் அவர்களிடம் சொல்லுங்கள், என் அண்ணன் சோறு வைத்தது சாமிக்குத்தான் என்று.