விடைக்குறிப்பில் இல்லாத காரணம்

1991 ஏப்ரலில் தாம்பரத்துப் பள்ளியொன்றில் பிளஸ் டூ வரலாற்றுத் தாள் திருத்தும் முகாம் நடந்தது. ஏசுபாதம் வாத்தியாருக்கு அது பன்னிரண்டாவது முகாம். கடைசி முகாமும்கூட, மே மாதம் ஓய்வு.

‘1911 சீனப் புரட்சி வேகமாகப் பரவியது ஏன்?’ பத்து மதிப்பெண். ‘கீ’ எனப்படும் விடைக்குறிப்பு மூன்று காரணங்களைக் கேட்டது: சிறுவயது அரசன், அந்நியக் கடன், ரயில்பாதைகளை அரசு எடுத்துக்கொண்டது. கையிலிருந்த தாளில் மூன்றும் இல்லை. பெயர் தெரியாத அந்தப் பிள்ளை வேறொன்று எழுதியிருந்தது:

‘முடியாட்சியை ஜனங்கள் மனத்தில் எப்போதோ கைவிட்டிருந்தார்கள். பக்கத்து ஊரும் கைவிட்டுவிட்டது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. வூச்சாங்கில் சிப்பாய்கள் எழுந்தபோது அரசால் உடனே அடக்க முடியவில்லை. அதைப் பார்த்து அடுத்த மாகாணம் எழுந்தது.’

ஏசுபாதம் இரண்டு முறை படித்தார். சிவப்பு மையில் எட்டு போட்டார். கூட்டினால் எழுபத்திரண்டு. இருநூறில் தேற எழுபது வேண்டும்.

மேற்பார்வைக்கு வந்த முதன்மைத் தேர்வாளர் யக்ஞநாராயணன் பச்சைப் பேனாவின் முனையை அந்த எட்டுக்கு அருகில் வைத்தார்.

“இது கீயில இல்லியே சார்.”

“விடை சரிதானே சார்?”

“சரியா தப்பான்னா கேட்டேன்? கீயில இருக்கா? நீங்களே அடிச்சு ரெண்டு போட்டுடுங்க.”

ஒவ்வொரு முகாமிலும் யாராவது இப்படிச் சொல்வார்கள், ஏசுபாதமும் அடித்துவிடுவார். மேஜையில் மற்றவர்கள் தலைநிமிராமல் திருத்துவதைப் பார்த்து, அவர்களுக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை என்றே நினைத்துவந்தார். அவர் அடிப்பதைப் பார்த்து அவர்களும் அப்படியே நினைத்திருக்கலாம் என்பது இப்போதுதான் உறைத்தது.

“நான் அடிக்கல சார். பச்சையில நீங்களே போட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“ரிட்டயர் ஆகப்போற தைரியமா?”

“ஆமா சார். வேற தைரியம் எனக்கு ஏது?”

பேனா நகரவில்லை. எதிரிலிருந்த தபீதாள் டீச்சர், திருத்தி முடித்த தன் கட்டை மறுபடி இழுத்தார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் பதினேழு வருஷம் இருந்தது.

“சார், காலைல இதே மாதிரி ஒண்ணை அடிச்சுட்டேன். திரும்பப் பாக்கணும்.”

“என்கிட்ட ரெண்டு கீது,” என்றார் மூலையிலிருந்த அரிகிருஷ்ணன். “பயந்துகினு ஒண்ணு ஒண்ணு போட்டு வச்சிருக்கேன்.”

யக்ஞநாராயணன் பேனாவை மூடினார். “இந்தக் கீ எனக்குப் பிடிச்சிருக்குன்னு யார் சார் உங்ககிட்ட சொன்னா?”

எட்டு அப்படியே நின்றது.

ஏசுபாதத்துக்கு மகிழ்ச்சி வரவில்லை. நாலு பேச்சில் முடிந்த காரியம். பதினோரு ஏப்ரல்களில் தன் கையாலேயே அடித்த விடைகளில் ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை. அடுத்த தாளை எடுத்துப் பிரித்தார்.