கல்லில் விட்டுப்போன கடைசி வரி

ஈப்போவில் நாற்பது ஆண்டுகள் கல்லில் பெயர் வெட்டினேன். பெரும்பாலும் கல்லறைக் கற்கள். எங்கள் பட்டறையில் ஒரே சட்டம்தான்: காகிதத்தில் டிராஃப்ட் போட்டு, வாடிக்கையாளர் படித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் கல்லில் கை வைப்போம். அதற்குப்பின் தப்பு வந்தால் எங்கள் தலையில் விழாது. இந்தச் சட்டத்தை நம்பித்தான் நான் ஓர் அயோக்கியத்தனம் செய்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு முனியாண்டி அண்ணன் வந்தார். எண்பதைத் தாண்டியவர். கோலா கங்சார் பக்கம் அவர் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். ஜப்பான்காரன் காலத்தில் அங்கிருந்து சயாம் நாட்டில் ரயில் பாதை போடப் பிடித்துப்போன முப்பத்தொரு பேருக்கு, பழைய கோயில் பக்கத்தில் ஒரு கல் வைக்க வேண்டும் என்றார். ஒருவரும் திரும்பி வரவில்லை. அவர் அப்பாவும் அதில் ஒருவர்.

அவர் தந்த தாளில், பெயர்கள் முடிந்த இடத்தில் ஒரு வரி இருந்தது: ‘இவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தவர் கிராணி சாமிநாதன்.’

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. அந்தச் சாமிநாதன் என் தாத்தா. அண்ணனுக்கு அது தெரியாது. தாளைப் பார்த்தபடியே கேட்டேன்:

“கொன்னது ஜப்பான்காரன்தானே அண்ணே? மாட்டேன்னா கிராணி தலையையும் சீவியிருப்பான்லா.”

“சீவியிருப்பான், இல்லேங்கல. முதல் பழி ஜப்பான்காரனுக்குத்தான். மேலேயே போட்டிருக்கேன் பாருங்க. ஆனா கூலிங்க குடியிருந்த லயத்துல எந்த வீட்டுல யாரு இருக்கான்னு அவனுக்கு எப்படித் தெரியும் தம்பி? கிராணிக்கு வாலிபத் தம்பி ஒருத்தன் இருந்தான். அவன் பேரு மட்டும் லிஸ்ட்ல இல்ல. அவனுக்குப் பதிலா எங்கப்பாவ எழுதிட்டான்னு எங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுவாங்க.”

அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். என் சின்னத் தாத்தா. பேரன் பேத்தி எடுத்து, கட்டிலில் படுத்துச் செத்தார்.

“கடைசி வரிக்கு இடம் பத்தாதுண்ணே,” என்றேன். பொய். கீழே நாலு விரல் இடம் சும்மா கிடந்தது.

“அப்படியா? தொழில் தெரிஞ்சவர் நீங்க, சொன்னா சரிதான்லா.” அந்த வரி இல்லாத டிராஃப்டில் கையெழுத்து வைத்தார்.

கல் நட்டாயிற்று. அந்த டிராஃப்ட் என் மேசை டிராயரில் பத்திரமாக இருந்தது. பட்டறைச் சட்டப்படி என்மேல் தப்பில்லை. ஆனால் டிராயரைத் திறக்கும்போதெல்லாம் கூசியது. தாத்தா லிஸ்டில் தன் தம்பியை விட்டார், நான் கல்லில் தாத்தாவை விட்டேன். அவர் கழுத்திலாவது கத்தி இருந்தது. எனக்கு என்ன கேடு? வெறும் மானப் பிரச்சினை!

எட்டு மாதம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“இடம் இருந்துச்சா தம்பி?”

“இருந்துச்சுண்ணே.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கையெழுத்து வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தெரிந்தே விட்டதற்கு அடுத்தவர் கையெழுத்து பொறுப்பேற்காது.

அண்ணனிடம் சொன்ன மறுநாள் உளியோடு கோயிலுக்குப் போனேன். மண்டிபோட்டு, அந்த நாலு விரல் இடத்தில் விட்டுப்போன வரியைத் தாத்தா பெயரோடு கையாலேயே வெட்டினேன். டிராஃப்ட் போடவில்லை. யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. அண்ணன் பார்க்க வரவில்லை.