உடுப்புத் தோய்க்கும் நேரத்துக் காந்த அலை

நயினாதீவில், எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த கோயில் ஐயர் ஒருவரின் வீட்டு வளவில், முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி ஒரு காந்தமானியைப் புதைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டுப் பௌதிகம். நானே கேட்டு வாங்கிய ஆய்வு. முதலில் புங்குடுதீவில் எங்கள் வீட்டில்தான் வைத்துப் பார்த்தேன். தெருவால் போகும் ஒவ்வொரு பஸ்ஸின் இரும்புக்கும் திரையில் கோடு துள்ளியது. அதனால்தான் கடல் கடந்தேன்.

பூமியின் காந்தப்புலத்துக்கு இரவுப் பக்கம் நீண்ட வால் ஒன்று உண்டு. சூரியக் காற்று அதை இழுத்துக்கொண்டே இருக்கும். தாங்காத கட்டத்தில் சட்டென்று விடுபடும். துணைப்புயல் என்பது அதைத்தான். துருவத்து வானம் பச்சையாய் ஒளிரும். குறிகட்டுவான் துறையில் ஒரு வள்ளம் கிளம்பினால் கட்டியிருக்கும் மற்ற வள்ளங்கள் எல்லாம் ஆடுகின்றனவே, அப்படிப் பூமி முழுவதும் காந்தப்புலம் சில நிமிடங்களுக்கு ஆடும். ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். எங்கள் தீவுகள் காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் பட்டப்பகலிலும் அது இங்கே பதிய வேண்டும்.

பதிய வேண்டும் என்று புத்தகம் சொன்னது. கருவியோ இரவல், வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் ஓர் அலையாவது பிடிபடாவிட்டால், கம்பிச்சுருளின் தடையை அளக்கும் அலுப்புத் தலைப்புக்குப் போகவேண்டியதுதான்.

செவ்வாய் பின்னேரம் போய்ப் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாளும் அலை வந்திருந்தது! ஐம்பது செக்கனுக்கு ஒன்றாக எட்டு முகடுகள். சிவப்பில் வட்டம் போட்டு, ஆய்வுக்குப் பொறுப்பான சேருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

“மூண்டு நாளும் பத்து மணிக்கோ?”

“ஓம் சேர்!”

“நீர் சூரியனுக்கு மணிக்கூடு கட்டி விட்டிருக்கிறீரோ?”

புதன்கிழமை முதல் வள்ளத்தில் போய், மடிக்கணினியோடு, கருவி புதைத்த எலுமிச்சை மரத்தடியில் குந்தினேன். பத்து மணிக்கு ஐயரின் மனைவி, ஐயரம்மா, உடுப்புத் தோய்க்கப் பக்கத்துக் கிணற்றடிக்கு வந்தார். இரும்பு வாளி கீழே போனது, கோடு இறங்கியது. வாளி மேலே வந்தது; கோடு ஏறியது.

“ஐயோ, நிப்பாட்டுங்கோ!”

“என்ன பிள்ளை, பாம்போ?”

சத்தம் கேட்டு ஐயரும் வந்துவிட்டார். விடியக் காலையில் அவரும் அதே கிணற்றில்தானே பூசைக்குத் தண்ணீர் அள்ளுகிறார், அந்த நேரம் ஏன் கோடு அசையவில்லை? அவருடைய செப்புக்குடத்தை இறக்கிப் பார்க்கச் சொன்னேன். இறங்கியது, ஏறியது. கோடு படுத்தபடியே கிடந்தது.

“பாத்தீரோ? சாமிக்குச் செம்புதான் எண்டு சும்மாவே சொன்னவை?”

“செம்பைக் காந்தம் இழுக்காது ஐயா, அதுதான்.”

“அதைத்தானே நானும் சொல்லுறன்.”

வெள்ளி வரைக்கும் இரும்பு வாளியைத் தொடாமல் இருக்க ஐயரம்மா சம்மதித்தார். வெறும் பிளாஸ்ரிக் பெயின்ற் வாளி ஒன்றைக் கயிற்றில் கட்டினோம். அது மிதந்துகொண்டு தாழ மாட்டேன் என்றது. கருங்கல் போட எனக்குப் பயம். அதிலும் கொஞ்சம் காந்தம் இருக்கும். வேலியடியில் கிடந்த சுண்ணாம்புக் கல்லொன்றை உள்ளே போட்டதும்தான் அமிழ்ந்தது.

“படிச்ச பிள்ளை வந்து எங்களைத் தண்ணி அள்ளப் பழக்குது,” என்று ஐயரம்மா சிரித்தார்.

வியாழன். பத்து மணி தாண்டியது, கோடு அசையவில்லை. மனம் கம்பிச்சுருளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பதினொன்று இருபதுக்கு ஒரு முகடு. இன்னொன்று. மூன்றாவது. கிணற்றடிக்கு ஓடினேன், ஒருவரும் இல்லை. குசினிக்கு ஓடினேன்.

“நான் இல்லைப் பிள்ளை! முருங்கைக்காயெல்லோ வெட்டிறன். கத்தியையும் கீழை வைக்கவோ?”

வளவின் அந்தத் தொங்கல் மூலையில் இருந்த கத்தியால் ஒன்றும் ஆகாது. வட கனடாவில் உள்ள நிலையங்களின் பதிவைக் கைபேசியில் எடுத்தேன். அங்கே நள்ளிரவு. அதே நிமிடத்தில் அவற்றின் கோடுகள் கிணற்றுக்குள் விழுந்தவைபோல் தலைகுப்புற இறங்கியிருந்தன, துணைப்புயலின் அடையாளமாய். இரண்டையும், முதல் நாளே வாளிக் கதை கேட்டிருந்த சேருக்கு அனுப்பினேன்.

“வாளி?” என்றார், எடுத்த எடுப்பில்.

“பிளாஸ்ரிக், சேர்.”

“ஐயரம்மா?”

“குசினியிலை, சேர்.”

“அப்ப இது உம்மட அலைதான். கருவியை இன்னும் ஒரு மாசம் கேட்டு வாங்கித் தாறன்,” என்றார்.

“ஒரு மாசம்!” என்று நான் துள்ளினேன்.

“ஒரு மாசமோ?” என்றார் ஐயரம்மா, குசினிக்குள்ளிருந்து.