சமையல்காரரோடு போன வெளிநாடு

ஓய்வு பெற்றபின் எங்கே போய் இருப்பது என்ற பேச்சை முதலில் எடுத்தவள் என் மனைவி. எங்களுக்குத் தருமபுரத்தில் சொந்த வீடு. பூவத்துக்குப் பக்கத்தில் ஐந்து மா நிலம். இரண்டு பேருக்கும் பென்ஷன். பிள்ளை மட்டும் இல்லை. இந்தக் கடைசி வரியைச் சேர்க்காமல் சொந்தக்காரர்கள் யாரும் எங்களைப் பற்றிப் பேசி முடித்ததில்லை.

அவள் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். ஆனால் சொந்தத்தில் வளைகாப்பு என்றால் அவளுக்குப் பந்தியில் மட்டும்தான் இடம். வராதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வளையல் தட்டு அவள் பக்கத்தில் வரும்போது அடுத்தவள் கைக்குத் தாவிவிடும். அவ்வளவு நாசூக்கு. என் தம்பி மகள் வளைகாப்பிலும் அதுதான் நடந்தது. அந்தப் பெண்ணுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்ததே இவள்தான். வீட்டுக்கு வந்து பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கயாச்சும் வெளிநாட்டுக்குப் போயி இருந்துடலாங்க. பாஷை தெரியாத ஊராப் பாத்துப் போவோம். எத்தனை புள்ளைன்னு கேட்டாலும் நமக்குப் புரியாது பாருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்தேன். ஒரு வாரத்தில் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். தாய்லாந்து என்று முடிவு செய்தாள். வயதானவர்கள் தங்க அங்கே தனி விசா உண்டு, கடல் உண்டு, அரிசிச் சோறு உண்டு.

"முதல்ல ஒரு மாசம் நாமளே போயி ரூம் எடுத்துத் தங்கிப் பாப்போம். கடைக்குப் போவோம், பஸ்ல ஏறுவோம். ஒடம்புக்கு முடியலன்னா எந்த ஆஸ்பத்திரின்னு பாத்து வச்சுக்குவோம்."

அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். மேலே கையெழுத்துப் போட ஒருவர் இல்லாமல் எதையும் செய்து பழக்கமில்லை. புதுச்சேரிக்குப் போவதென்றால்கூடத் துணைக்கு ஆள் தேடுவேன். மயிலாடுதுறைக்காரர் ஒருவர் தாய்லாந்துக்கே எட்டு நாள் சுற்றுலா அழைத்துப் போகிறார், சமையல்காரரும் கூடவே வருகிறார், மூன்று வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு என்று கேள்விப்பட்டதும், அவளைக் கேட்காமலே இரண்டு இடம் பதிவு செய்துவிட்டேன்.

"சுத்திப் பாக்குறதுக்கு டூர் சரிங்க. குடியிருக்க ஊரு பாக்குறவங்க யாராச்சும் டூர்ல போவாங்களா? நெலம் வாங்குறப்ப ஐப்பசி மழையில வரப்புல நடந்து, தண்ணி எங்க நிக்குது, எங்க வடியுதுன்னு பாத்துத்தானே வாங்குனீங்க?" என்றாள்.

நியாயமான கேள்வி. அதனால் கோபப்பட்டேன்.

பஸ்ஸில் எங்களோடு சுமார் நாற்பது பேர். எல்லோரும் கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம். பாங்காக் விமான நிலையத்திலிருந்து வண்டி கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, முன் சீட்டு அம்மாள் திரும்பினார்.

"உங்களுக்கு எத்தனை பசங்க?"

"இல்லீங்க."

"அடடா. டாக்டர்கிட்ட காட்டலையா?"

அறுபது வயதுக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது! மத்தியானச் சாப்பாட்டுக்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவர், அடுத்த பிறவிக்காவது ஆகும் என்று பரிகாரத் தலம் ஒன்றைச் சொன்னார். எந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க அவள் நாடு விட்டு நாடு வந்தாளோ, அதைக் கேட்பதற்கென்றே ஒரு கூட்டத்தில் கொண்டுபோய் அவளைச் சேர்த்திருந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

நாலாம் நாள் ஒரு கடற்கரை ஊர். கோயில் பார்க்க அரை மணி நேரம் நிறுத்தினார்கள். இவள் கோயிலுக்குள் போகாமல் எதிரே இருந்த சந்தைக்குள் போய்விட்டாள். எல்லோரும் பஸ்ஸில் ஏறியாயிற்று, இவளைக் காணோம். ஹாரன் அடித்தார்கள். "புள்ளக்குட்டி இல்லாதவங்க, கவலையில்லாம சுத்துறாங்க" என்று பின் சீட்டில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அவமானம் தலைக்கேறியது. அப்போதுதான் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஓடிவந்தாள்.

"ஏங்க, ஒரு வார்த்தை பேசாம, கையாலயே பேரம் பேசிட்டேங்க!"

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"அறிவிருக்கா ஒனக்கு? அத்தனை பேரும் காத்துக் கெடக்குறாங்க. மானத்த வாங்காம ஏறித் தொல" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

ஏறினாள். பழத்தை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாள். மீதி நாட்களில் கொடி பிடித்துப் போகிறவருக்குப் பின்னால் ஒழுங்காக நடந்தாள். ரசம் நன்றாயிருக்கிறது என்று சமையல்காரரிடம் சொன்னாள். என்னிடம் மட்டும் அதிகம் பேசவில்லை.

ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டாள்: "அடுத்த தடவை நாம ரெண்டு பேர் மட்டும் போவோமாங்க?"

சம்பா அறுவடை முடியட்டும் என்றேன். முடிந்தது. உளுந்து எடுத்துவிட்டுப் போகலாம் என்றேன். அப்புறம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவைக்கு நாற்று விட வேண்டும் என்றேன். நிலமோ குத்தகைக்கு விட்டிருந்தது. வரப்பில் குடை பிடித்து நிற்பதைத் தவிர எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். "சரிங்க" என்று மட்டும் சொல்லுவாள்.

அந்தக் குறுவை கதிர் விடுவதற்குள் அவள் போய்விட்டாள். காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், நெஞ்சு என்னமோ பண்ணுதுங்க என்றாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி வைக்க ஒரு பிள்ளை இல்லையே என்று அன்றைக்கும் நாலு பேர் பேசினார்கள். நல்லவேளை, அவள் காதில் விழவில்லை.

வருஷம் திரும்பியபின் நான் தனியாகக் கிளம்பினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்றான் தம்பி. சரியாகத்தான் கேட்டான். அதே கடற்கரை ஊரில், அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தபடியே ஓர் அறை, ஒரு மாதம். பயந்துகொண்டே போனேன். பயப்பட அங்கே ஒன்றும் இல்லை. செல்போன் வழி காட்டியது. பஸ்ஸில் சில்லறையை உள்ளங்கையில் நீட்டினால் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு முறை வழி தவறினேன். யாரோ கூடவே நடந்துவந்து வாசலில் விட்டுப் போனார்கள். இவ்வளவுதான் காரியம். இதற்குப் பயந்துதான் அவளை அலைக்கழித்தேன் என்று நினைத்து, அந்த அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சந்தையில் ஒரு மீன்காரி. என் மனைவி வயதுதான் இருக்கும். தினமும் அவளிடமே வாங்கினேன். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், செதில் எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைச் சுட்டினாள். கையைத் தரையிலிருந்து ஓர் அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று உயர்த்திக் காட்டி, விரல்களை மடக்கி எண்ணினாள். எத்தனை பிள்ளை? பாஷையே வேண்டியிருக்கவில்லை. நன்றாகப் புரிந்தது.

இல்லை என்று கையை விரித்தேன். முகம் வாடி ஓர் உச்சுக்கொட்டல் வரும் என்று காத்திருந்தேன். அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, என்னைப் போலவே கையை விரித்தாள். பிறகு தலையை அண்ணாந்து, சந்தையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரிகளும் சேர்ந்து சிரித்தார்கள். ஒருத்திகூட அவளைப் பாவம் என்று பார்க்கவில்லை. மீனைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள்.

பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு பெண்ணால் இப்படிச் சிரிக்க முடியும் என்பது என் மனைவிக்குக் கடைசிவரை தெரியாது. இதே சந்தைக்குள்தான் அவள் வந்திருந்தாள். நான்தான் அதட்டிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.