மாக்ரெட்டின் மட்காட்

கிளெமென்ற் அத்தானுடைய மொறிஸ் மைனர் காரின் முன் மட்காட்டில், கீழ்ப் பாதியைத் தகட்டில் புதிதாக அடித்துச் செய்தவள் என் அக்கா மாக்ரெட். எழுபத்து மூன்றாம் ஆண்டு, கொட்டாஞ்சேனையில், எங்கள் வீட்டுப் பின்வளவில் செய்தாள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அது சின்னராசா கராஜின் வேலை என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறவர்கள் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா தையற்காரி. அவள் தைக்கிற கலியாணச் சட்டைக்கும் பிள்ளைகளின் முதல்நன்மைப் பூசைச் சட்டைக்கும் வெள்ளவத்தையிலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். அத்தான் துறைமுகத்தில் கிளாக்கர். நல்ல மனிதர்தான், ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்வார். காரைத் துடைப்பதில் மட்டும் குறை வைக்கமாட்டார். அக்கா கலியாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அவர்களோடுதான் இருந்தேன், ஆகவே இதில் எதுவும் கேள்விப்பட்ட கதை இல்லை.

கடற்காற்றில் அந்த மட்காட் உள்ளுக்குள் உக்கிப் போயிருந்தது. ஒருநாள் செட்டித்தெருவில் மூட்டை இழுக்கிற ஒரு நாட்டாமி வண்டி இடித்ததும் கீழ்ப் பாதி கையோடு கழன்று வந்துவிட்டது. இறக்குமதியை இறுக்கிப் பூட்டி வைத்திருந்த காலம். இங்கிலாந்திலிருந்து புது மட்காட் வராது. அத்தான் காரைச் சின்னராசாவிடம் விட்டார். இரண்டு கிழமை கழித்துப் பளபளவென்று வந்தது. முதல் மழைக்கு வெடித்தது. காலி வீதியில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது பாதி மட்காட் றோட்டில் கிடந்தது. அக்காதான் இறங்கிப் போய்ப் பொறுக்கினாள். தகடு என்று பேருக்கும் இல்லை. கோழிக்கூட்டு வலை, அதற்குள் திணித்த பழைய பேப்பர், மேலே விரல் தடிப்புக்குப் பூசிக் காயவிட்ட புட்டிப் பசை. குதிரைப் பந்தய முடிவைக்கூட வாசிக்க முடிந்தது.

அந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா கராஜுக்குப் போனாள். நானும் போனேன். சின்னராசா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வேலையாட்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னான்.

"தங்கச்சி, நீங்கள் போய்ச் சட்டையைத் தையுங்கோ. இது இரும்பு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அக்கா துண்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் நிற்பாட்டுமிடத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"நான் செய்யிறன் யோசெப்பின். செய்து, நான்தான் செய்தனான் எண்டு இந்த ஊரையே சொல்ல வைக்கிறன்."

அடுத்த நாள் பஞ்சிகாவத்தையில் புவாத் நானாவின் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். யாருக்கு என்று அவர் கேட்டார். எனக்குத்தான் என்றாள் அக்கா. அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை. ஒரு சாண் நீளத் தண்டவாளத் துண்டு, பிடியில்லாத சுத்தியல் தலை, உள்ளங்கைக்குள் அடங்குகிற வளைந்த இரும்புக் கட்டி, உடைத்த வான் வண்டியின் கூரைத் தகடு. எல்லாம் சேர்த்து ஒரு சட்டைத் துணியின் விலை வரவில்லை. சுத்தியலின் முகத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் அடிக்கு அடி அது தகட்டில் விழும், ஆகவே எமரிப் பேப்பரால் கண்ணாடி மாதிரித் தேய்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் தேய்த்தது நான்.

மிச்சம் வீட்டிலிருந்து வந்தது. உலக்கையின் நுனியை அறுத்துக் கட்டைச் சுத்தியல் செய்தாள். மர உரலின் குழியில் வைத்துத் தகட்டைக் குழித்தாள். அதன் பிறகு மூன்று மாதம் மா இடிக்கப் பக்கத்து வீட்டுக்கு அலைந்தது யார் என்று கேட்காதீர்கள்.

தகட்டைத் தாங்குவதற்கு ஒரு மண்பை வேண்டும். துறைமுகத் தார்ப்பாயை இரட்டையாகத் தைத்து, முகத்துவாரம் கடற்கரையில் மண் அள்ளி, காயவைத்து நிரப்பினோம். இரண்டு நாள் அடித்து அரைவாசி வளைந்த தகட்டைப் பையின் மேலேயே விட்டுவிட்டு அக்கா ஓர் அவசரக் கலியாணச் சட்டையில் இருந்துவிட்டாள். திரும்பிப் போய்ப் பார்த்தால் தகடு முழுக்கச் செந்துரு. கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும் அந்த மண்ணில் உப்பிருக்கும் என்று மூளைக்கு எட்டவில்லை. அக்கா பையைக் கிழித்து வளவெங்கும் கொட்டினாள். பிறகு வீடு கட்டுகிற இடத்தில் கேட்டுக் களனி ஆற்று மண் கொண்டுவந்தோம். தகட்டை மறுபடியும் வாங்கவேண்டி வந்தது.

இந்தத் தடவை அவள் சுத்தியலைத் தொடுவதற்கு முன் கத்தரிக்கோலை எடுத்தாள். காரின் மற்றப் பக்கத்து மட்காட் நன்றாக இருந்தது. அதன் மேல் பிறவுண் பேப்பரைப் போர்த்திச் சட்டை வெட்டுகிற மாதிரிப் பார்த்தாள். பேப்பர் எங்கே மடிந்து சுருங்குகிறதோ அங்கே தகட்டைச் சுருக்க வேண்டும். எங்கே வெட்டிவிட்டால்தான் படிகிறதோ அங்கே இழுத்து விரிக்க வேண்டும். பேப்பரைப் பிரட்டிப் போட்டால் இந்தப் பக்கத்துக்குச் சரி. சின்னராசாவுக்குத் தெரியாத இதைச் சட்டைக் கையைத் தோளில் சுருக்கிப் பொருத்துகிற எவளும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். இரண்டு கம்பியில் செய்த கவையால் தகட்டின் ஓரத்தைக் கவ்வி முறுக்கிச் சின்னச் சின்ன மடிப்பு வைத்து, மடிப்பு விரிந்துபோகாமல் அதற்குள்ளேயே அடித்து இறக்கினாள். தகடு இறுகினால் தீயைச் சீறியடிக்கிற புளோலாம்பால் சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டாள். ஒன்று வெடித்தது. இன்னொன்று கோணலாகப் போனது. அடுத்தது பேப்பருக்கு அச்சொட்டாக இருந்தது.

இவ்வளவுக்கும் அத்தான் என்ன செய்தார் தெரியுமா. சுத்தியல் சத்தம் கேட்டால் முன் யன்னல்களைச் சாத்தினார். ஒப்பீஸ் ஆட்கள் அந்த வழியால் போவார்களாம். ஆக்கள் என்ன சொல்லுவினம் என்று இரண்டு தரம் கேட்டார். அக்கா அடிக்கிறதை நிற்பாட்டவில்லை.

புவாத் நானா தனக்குத் தெரிந்தவரிடம் பழைய மேற்பாதியோடு அதை வெல்டிங் வைத்து ஒட்டுவித்தார். பிறகு ஒரு காந்தத்தை மேலிருந்து கீழ்வரை இழுத்துக்கொண்டு போனார். ஓர் இடத்திலும் அது பிடி விடவில்லை, புட்டி ஒரு பொட்டும் இல்லை. பெயின்ற் அடித்ததும் வெளியாள். மட்காட்டைக் காரில் பூட்டி நட்டுகளை இறுக்கியது அக்காதான், ஞாயிற்றுக்கிழமை விடிய, பூசைக்குப் போக முன்னம்.

பூசை முடிந்து வந்தபோது கோயில் வாசலில் நாலைந்து ஆண்கள் காரைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் குனிந்து மட்காட்டைத் தடவி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு வேலையை எங்கே செய்வித்தீர் என்று அத்தானிடம் கேட்டார். நானும் அக்காவும் பத்தடி பின்னால் கைகோத்து வந்துகொண்டிருந்தோம்.

"சின்னராசாட்டத்தான். பக்கத்தில நிண்டு சொல்லிச் செய்விச்சனான்" என்றார் அத்தான்.

அக்கா என் கையை விட்டாள். காரின் டிக்கியைத் திறந்து, காலையில் போட்ட சாமான் பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். தலையில் பூசைக்குப் போடுகிற வலைத்துணி முக்காடு, உடம்பில் ஞாயிற்றுக்கிழமைச் சீலை. மட்காட்டின் நட்டநடுவில் ஓங்கி ஒரே அடி.

"சின்னராசாட்டயே கொண்டுபோய் நிமித்துங்கோ" என்றாள்.

சுத்தியலையும் கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மூன்று மாத வேலை. அவள் அழவில்லை, நான்தான் வழியெல்லாம் அழுதுகொண்டு போனேன்.

அத்தான் உண்மையாகவே கராஜுக்குக் கொண்டுபோனார். அதைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். சின்னராசா கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டானாம். அத்தான் துணியை எடுத்துக் காரின் கண்ணாடியைத் துடைத்தாராம். தன்னால் இதை நிமிர்த்த ஏலாது, வேண்டுமென்றால் புட்டி வைத்து மூடலாம் என்றானாம். அந்தக் கிழமை முழுக்க அக்கா சமைத்தாள், தைத்தாள், அவரோடு ஒரு சொல் பேசவில்லை. அவர் அந்தக் குழியோடுதான் ஒப்பீஸுக்குப் போய்வந்தார்.

அடுத்த ஞாயிறும் அதே வாசலில் அதே ஆட்கள் நின்றார்கள். கார் என்ன கோலம் என்று கேட்டார்கள். அத்தான் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் அசையவில்லை. அவருடைய காது சிவந்துபோனது.

"இதைச் செய்தது மாக்ரெட். சின்னராசா இல்லை. போன கிழமை நான் சொன்னது பொய்."



"சத்தமாச் சொல்லுங்கோ" என்றாள் அக்கா. "பின்னால நிக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்ல."

அத்தான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.